மணியாச்சியில் ஏன்?

அன்புள்ள ஐயா,

போன வாரம் திருநெல்வேலி போகும்போது 'வாஞ்சி மணியாச்சி' பலகையைப் பார்த்தேன். சுற்றிலும் கரிசல் காடுதான், பெரிய ஊராக எதுவும் கண்ணில் படவில்லை. கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் இந்தச் சின்ன ஸ்டேஷனை ஏன் தேர்ந்தெடுத்தார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரயில் பாதையைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். 1876இல் மதுரையிலிருந்து தெற்கே வந்த மெயின் லைன் போய்ச் சேர்ந்தது தூத்துக்குடிக்கு. துறைமுகமும் பருத்தி ஏற்றுமதியும் கொழும்புக் கப்பலும் அங்கேதான் இருந்தன. கலெக்டர் கச்சேரி இருந்த திருநெல்வேலிக்குக் கிடைத்தது கிளைப் பாதை. அந்தக் கிளை பிரிகிற இடம் மணியாச்சி.

ஆகவே நெல்லையிலிருந்து வடக்கே போகிறவர் யாராக இருந்தாலும் மணியாச்சிக்கு வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். கலெக்டரும் காத்திருந்தார். 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானல் போவதற்காக ஆஷும் அவர் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதனுக்கு அப்போது வயது 25. வனத்துறையில் வேலை பார்த்தவர். பெட்டிக்கு வந்து ஆஷைச் சுட்டார். அப்புறம் பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். காவலும் சேவகர்களும் சூழ வாழ்ந்த ஓர் அதிகாரி, கிட்டே போக முடிகிற தூரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அந்தக் காத்திருப்பின்போதுதான். அதனால்தான் மணியாச்சி என்று நினைக்கிறேன்.

அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது இன்னொன்று. ஆஷ் காத்திருந்த போட் மெயில், கொழும்புக் கப்பலுக்கு ஆள் ஏற்றிவந்த ரயில். அதே தூத்துக்குடி - கொழும்புப் பயணிகளுக்காகத்தான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கட்டியது. அதை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதுதான் வாஞ்சியின் கூட்டாளிகளுக்கு அவர்மேல் இருந்த முதல் கோபம். கோபத்தின் வேரும் அது தீர்ந்த இடமும் ஒரே தண்டவாளத்தில் இருந்திருக்கின்றன!

அடுத்த முறை போகும்போது, தூத்துக்குடிப் பாதை கிழக்கே பிரிவதை ஜன்னல் வழியாகப் பாருங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயிலின் பாதை தனுஷ்கோடிக்கு மாறிவிட்டது. அதற்கப்புறம் அந்த ரயில் மணியாச்சி வழியாகப் போகவில்லை.