கோட்டையில வேலை, அம்மாவுக்குப் பயம்

தங்கச்சி, கொழும்பு கோட்டையில வேலை கிடைச்சும், 2019 ஈஸ்டர் குண்டுகளை நினைச்சு அம்மா விடுறா இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்கள். அவவின்ர பயம் சும்மா இல்லை. 1996 ஜனவரி 31இல மத்திய வங்கிக்குக் குண்டு லொறி வந்ததும் அதே கோட்டைக்குத்தான். அதுக்குப் பிறகும் சனம் அங்க வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

என்னைக் கேட்டா, வாங்கோ. வெள்ளவத்தையில அறை பாருங்கோ, பஸ்ஸும் ரயிலும் இருக்கு. அடையாள அட்டையை மறக்காதேங்கோ. கேட்பாரில்லாத பையைக் கண்டா தொடாம விலகி பொலிஸுக்கு, 119க்கு அடியுங்கோ.

அம்மாவோட மட்டும் இப்பவே ஒண்டு பேசி வையுங்கோ: ஏதும் நடந்தா "சுகம்" எண்டு ஒரு எஸ்.எம்.எஸ். வரும். வாட்ஸ்அப்பை நம்பியிருக்க வேண்டாம், 2019இல குண்டு வெடிச்ச அண்டைக்கே அரசாங்கம் அதை முடக்கிப்போட்டுது. செய்தி தெரியாம வீட்டில இருந்த ஆக்கள் துடிச்சுப்போச்சினம்.