510 வராவிட்டால் எங்கே பார்ப்பது? டேபிள்பேஸ் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

செஸ் இறுதியாட்ட டேபிள்பேஸ் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். பலகையில் சில காய்களே மிஞ்சியிருக்கும்போது எந்த நிலை வெற்றி, எது டிரா என்று பிழையில்லாமல் கணித்து வைத்திருக்கும் கோப்புகள் அவை. அவற்றில் ஒரு வகைதான் சிசிஜி. ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் என்ஜின்கள், அதாவது நகர்வுகளைத் தேடிக் கணக்கிடும் நிரல்கள், அவற்றைப் படிக்கும். வந்த கேள்விகளில் சில இங்கே.

*சிசிஜி ஆறு காய் கோப்புகளை முழுவதும் இறக்கிவிட்டேன். ஸ்டாக்ஃபிஷ் 145 மட்டுமே கிடைத்தது என்கிறது. மற்றவை எங்கே போயின?*
— வாசகர், சாட்ஸ்வொர்த்

அந்த 145 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. மூன்று காய்க்கு 5 அட்டவணை, நான்குக்கு 30, ஐந்துக்கு 110. கூட்டினால் 145. ஆறு காய்க்கு மட்டும் 365, எல்லாம் சேர்ந்து 510. ஆகவே உங்கள் என்ஜின் ஐந்து காய் ஃபோல்டரோடு நின்றுவிட்டது. துணை ஃபோல்டர்களுக்குள் அது தானாக நுழைந்து தேடாது. ‘சிசிஜி பாத்’ அமைப்பில் ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியே எழுத வேண்டும். விண்டோஸில் இடையே அரைப்புள்ளி, லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி. பாதையைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். அதையும் பாதையின் எழுத்தாகவே என்ஜின் எடுத்துக்கொள்ளும், பிறகு ஒன்றும் கிடைக்காது.

*இறக்கிக்கொண்டிருக்கும்போது லோட் ஷெட்டிங் வந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டுமா? டேட்டாவுக்கு ஆகும் ரேண்டை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.*
— வாசகர், ஃபீனிக்ஸ்

வேண்டாம். டொரண்ட் வழியாக (கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வாங்கும் முறை) இறக்கியிருந்தால் மறுசரிபார்ப்பு கொடுங்கள். கெட்டுப்போன துண்டுகளை மட்டும் அது திரும்ப வாங்கிக்கொள்ளும். கோப்பின் அளவைப் பார்த்து மட்டும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். சில டொரண்ட் செயலிகள் தொடக்கத்திலேயே முழு இடத்தையும் பிடித்து வைத்துவிடும். அளவு சரியாகத் தெரியும், உள்ளே பாதி வெறும் பூஜ்யமாக இருக்கும்.

சிசிஜி கோப்பு ஒவ்வொன்றின் அளவையும் 64ஆல் வகுத்தால் மீதி 16 வரவேண்டும். வராவிட்டால் ஸ்டாக்ஃபிஷ் கோப்பு கெட்டது என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் பூஜ்யம் நிரம்பிய கோப்பு இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு ‘டிபிசெக்’ என்ற சிறு நிரலை ஓட்டுங்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் 16 பைட் சரிபார்ப்பு எண்ணோடு மொத்த உள்ளடக்கத்தையும் அது ஒப்பிடும். 150 ஜிபியையும் படிக்க வேண்டியிருப்பதால் ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிடலாம். எல்லாம் சரியென்றால் கோப்புகளை ‘படிக்க மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். என்ஜின் அவற்றில் எதையும் எழுதுவதில்லை. எனவே கரண்ட் போவதால் ஆபத்து இறக்கும்போதும் நகலெடுக்கும்போதும்தான்.

*ஆறு காய்களை எத்தனை விதமாக வைக்கலாம்! அத்தனையும் எப்படி இந்த இடத்துக்குள் அடங்குகிறது?*
— வாசகர், டோங்காட்

நிலையை எழுதி வைப்பதே இல்லை, அதுதான் சூட்சுமம். காய்கள் நிற்கும் கட்டங்களிலிருந்து ஒரு வரிசை எண்ணைக் கணக்கிடுகிறோம். அந்த எண்ணுள்ள இடத்தில் விடை மட்டும் இருக்கிறது. வீட்டு எண் தெரிந்தால் போதும், கதவில் பெயர்ப்பலகை வேண்டாம்.

ராஜா, யானை, எதிரி ராஜா என்று மூன்றே காய். யோசிக்காமல் பெருக்கினால் 64 × 64 × 64 = 2,62,144. சிப்பாய் இல்லாத பலகையைத் திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஆட்டம் மாறாது. அதனால் ஒரு ராஜாவை ஏ1, டி1, டி4 முக்கோணத்திலுள்ள 10 கட்டங்களுக்குள் கொண்டுவந்துவிடலாம். ராஜாக்கள் ஒட்டி நிற்கவும் முடியாது. மூலைவிட்டத்தில் இரட்டிப்பாக வருவதையும் கழித்தால் இரு ராஜாக்களுக்கும் மிஞ்சுவது 462 ஜோடி. யானைக்கு 62 கட்டம். மொத்தம் 28,644. ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு!

சிப்பாய் வந்தால் இந்தச் சலுகை சுருங்கிவிடும். சிப்பாய்க்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, இடவல மாற்றம் மட்டுமே செல்லும். ராஜா ஜோடிகள் 1,806 ஆகிவிடும். ஒரே மாதிரி இரண்டு யானை இருந்தால் இடம் மாற்றி எண்ணக்கூடாது: 64 × 63 ÷ 2 = 2,016. அட்டவணை எழுதிப் பார்ப்பவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இப்போது ஆறு காய். ராஜாக்கள் தவிர நான்கும் வெவ்வேறு காய்கள் என்றால் 462 × 62 × 61 × 60 × 59, அதாவது சுமார் 618 கோடி. வெள்ளை நகர்த்தும் முறைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நிலைக்கு ஒரு பைட் வைத்தாலே ஒரு அட்டவணைக்கு 12 ஜிபி! ஆனால் சிசிஜியில் ஆறு காய் கோப்பு ஒன்று சராசரியாக 200 எம்பிதான். 2013இல் ரொனால்ட் டி மான் இதை வடிவமைத்தபோது ஒரு தந்திரம் செய்தார். ஒரு காயை வெட்டினாலே முடிவு தெரிந்துவிடும் நிலைகளில், எது நன்றாகச் சுருங்குமோ அந்த விடையைப் போட்டுவிடுகிறார். படிக்கும் நிரல் முதலில் வெட்டும் நகர்வுகளைப் பார்த்துக்கொள்வதால் தப்பு நேராது.

இதனால்தான் ஆறு காய் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து காயை அழித்துவிடக்கூடாது. ஒரு காய் வெட்டுப்பட்ட அடுத்த கணம் ஐந்து காய் அட்டவணை தேவை.

*எஸ்எஸ்டியில் 100 ஜிபிதான் காலி. பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எதை எங்கே வைப்பது?*
— வாசகர், வெருலம்

ஒவ்வொரு அட்டவணைக்கும் இரண்டு கோப்பு உண்டு. ‘ஆர்டிபிடபிள்யூ’ என்று முடிவது வெற்றி, டிரா, தோல்வியை மட்டும் சொல்லும். ஆறு காய்க்கு சுமார் 68 ஜிபி. ‘ஆர்டிபிஇசட்’ அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எவ்வளவு தூரம் என்று சொல்லும், அது 81 ஜிபி. என்ஜின் தேடும்போது ஓயாமல் கேட்பது முதல் வகையைத்தான். அது எஸ்எஸ்டிக்கு. இரண்டாவது வகை, பலகையில் உண்மையாகவே அந்த நிலை வந்த பிறகுதான் வேண்டும். ஹார்ட் டிஸ்கே போதும். மாற்றி வைத்தால் சுழலும் டிஸ்க் விநாடிக்கு நூறு இடத்தைத் தேடிப் படிப்பதற்குள் திணறிவிடும், என்ஜினின் வேகம் படுத்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் ‘சிசிஜி புரோப் டெப்த்’ எண்ணை (தேடல் ஆழம் குறைந்தது எவ்வளவு இருந்தால் அட்டவணையைக் கேட்பது என்ற அளவு) 1இலிருந்து உயர்த்துங்கள், கேள்விகள் குறையும்.

ராம் முழுவதையும் ஹாஷுக்குக் (என்ஜின் ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) கொடுத்துவிடாதீர்கள். கோப்பின் பக்கங்களை ஆபரேட்டிங் சிஸ்டம் மிச்சமிருக்கும் ராமில்தான் வைத்துக்கொள்கிறது. 8 ஜிபி கணினியில் ஹாஷுக்கு 2 ஜிபி போதும்.

*நலிமோவ் என்ற இன்னொரு வகை டேபிள்பேஸ் கோப்பு 30 நகர்வில் மேட் என்கிறது, சிசிஜி வேறு எண் காட்டுகிறது. எது தவறு?*
— வாசகர், லெனேசியா

இரண்டும் சரி. நலிமோவ் எண்ணுவது மேட் வரை. சிசிஜி எண்ணுவது வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரை, அதுவும் அரை நகர்வுகளில் (ஒருவர் மட்டும் ஒருமுறை நகர்த்துவது அரை நகர்வு). வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்ற ஐம்பது நகர்வு விதியை மதிப்பதற்காக அப்படி. குதிரைக்கு எதிராக இரண்டு மந்திரிகள் வெல்ல, குதிரையைப் பிடிக்கவே 66 நகர்வு வரை ஆகும். நலிமோவுக்கு அது வெற்றி, போட்டியில் எதிராளி டிரா கேட்டு வாங்கிவிடுவார். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு சிசிஜிதான் சரி என்பது எங்கள் கருத்து.

*ஏழு காய்?*
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஏறக்குறைய 18 டெராபைட். வீட்டுக்கு வேண்டாம். லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தில் நிலையை வைத்தால் ஏழு காய் வரை விடை இலவசமாக வருகிறது.