பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 20 ஆண்டுகளைக் கடந்த டீசல் ஜீப் ஒன்று உள்ளது. காலையில் வண்டி நின்ற இடத்தில் சிவப்பு நிறத்தில் ஆயில் சொட்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை பவர் ஸ்டீயரிங் டப்பாவில் ஆயில் ஊற்ற வேண்டியுள்ளது. வளைவுகளில் முனகல் சத்தமும் வருகிறது. ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றினால் போதும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். எதைச் செய்வது? (வாசகர், கோத்தகிரி)

பதில்: கசிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது உறுதியாகத் தெரியும் வரை இரண்டையும் செய்ய வேண்டாம். பெல்ட்டால் சுழலும் பம்ப், டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, உயர் அழுத்த ஹோஸ் வழியாக, ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குச் செலுத்துகிறது; அங்கு வேலை முடித்த ஆயில் வேறொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இணைப்பில் கசிந்தாலும் ஆயில் கீழ்நோக்கி வழிந்து, ஃபேன் காற்றில் பின்னால் பரவி, தாழ்வான இடத்தில் இருக்கும் பாக்ஸை நனைத்துவிடும். நனைந்திருப்பதை மட்டும் வைத்து, விலை உயர்ந்த அந்தப் பாகத்தைக் குற்றஞ்சாட்டுவது சரியல்ல.

முதலில் பம்ப், ஹோஸ்கள், பாக்ஸ் அனைத்தையும் நன்கு துடைத்து உலரவிட்டு, இணைப்புகளின் மேல் சிறிது முகப்பவுடரைத் தூவி, வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, மற்றொருவரை ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். கடைசி வரை திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அந்த நிலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் விரைவில் சூடாகிவிடும். கசிவைத் தேடி ஹோஸைக் கையால் தடவுவதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் நுண்ணிய ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். டார்ச் வெளிச்சமும் ஓர் அட்டைத் துண்டும் போதும்.

திரும்பு ஹோஸின் நுனி ஈரமாகத் தெரிந்தால், ஹோஸின் முனையையும் கிளாம்ப்பையும் மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம். உயர் அழுத்த ஹோஸில் இரும்பு முனை ரப்பரைக் கவ்வும் இடம் கசிந்தால் முழு ஹோஸையும் மாற்றுவதே முறை. அந்த இடத்தில் சாதாரண ரப்பர் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது ஆபத்து. பம்ப்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால் நனைந்திருந்தால், பம்ப்பின் ஆயில் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கிறது. பெல்ட்டிலும் ஆயில் ஊறியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பாக்ஸின் அடியில் வெளிவரும் தண்டைச் சுற்றிக் கசிந்தாலும், பெரும்பாலும் சீல் மாற்றினால் போதும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், அல்லது பாக்ஸினுள் தளர்ச்சி இருந்தால் மட்டுமே மெக்கானிக் சொல்வதை ஏற்கலாம்.

முனகல் சத்தத்துக்குக் காரணம் அனேகமாக ஆயில் குறைவதும் காற்று கலப்பதும்தான். டப்பாவில் நுரை தெரிந்தால், டப்பாவுக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள ஹோஸையும் கவனியுங்கள். அங்கே ஆயில் வெளியே வராமலே காற்று உள்ளே இழுக்கப்படலாம். உறைபனிக் காலத்தில் இறுகிப்போன பழைய சீல்கள் காலையில் மட்டும் கசிந்து, சூடேறியதும் நின்றுவிடுவதுண்டு. ஆகவே இந்தச் சோதனையை இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் செய்யுங்கள்.

அடைக்கும் திரவம் ரப்பரைச் சற்று உப்பவைத்துக் கசிவைச் சில காலம் மறைக்கும். வெடித்த ஹோஸையோ பள்ளம் விழுந்த தண்டையோ அது சரிசெய்யாது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் வகையை டப்பா மூடியிலோ கையேட்டிலோ பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், அது சீல்களைக் கெடுத்துவிடும். பழுது முடிந்தபின் முன்சக்கரங்களை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து, என்ஜினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இருபுறமும் பதினைந்து, இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். குறையும் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருந்து, குமிழிகள் நின்ற பிறகு என்ஜினை இயக்குங்கள்.

கேள்வி: குன்னூரிலிருந்து இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்துவிடுகிறார் எங்கள் ஓட்டுநர். பவர் ஸ்டீயரிங் வண்டியில் இது சரியா? (வாசகர், குன்னூர்)

பதில்: எந்த வண்டியிலும் சரியல்ல, பவர் ஸ்டீயரிங் வண்டியில் மிகவும் ஆபத்தானது. என்ஜின் நின்றதும் பம்ப்பும் நிற்பதால், கொண்டை ஊசி வளைவின் நடுவே ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குமேல் தாங்காது. சாவியை முழுவதும் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஏறும்போது போடும் கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். ஆயில் கசிந்து தீர்ந்து ஸ்டீயரிங் திடீரென்று கனத்தாலும் சக்கரங்களுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இயந்திரத் தொடர்பு அறுந்துவிடாது. இரு கைகளாலும் பலமாகப் பிடித்துத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்திய பிறகே என்ஜினை அணைக்க வேண்டும். ஆயில் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் பம்ப் தேய்ந்து பாழாகிவிடும் என்பதால், அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.