ஒரு ‘எ’ செய்யும் வேலை

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஃப்யூ’ (few), ‘எ ஃப்யூ’ (a few) இரண்டுக்கும் ‘சில’ என்றுதானே பொருள்?

பதில்: அகராதியை மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ‘ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் எனக்குச் சில நண்பர்கள் உண்டு. ‘எ’யை விட்டுவிட்டால், நண்பர்களே அதிகம் இல்லை என்ற குறை தொனிக்கும். ‘சிலர் வந்தார்கள்’, ‘சிலர்தான் வந்தார்கள்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நம் ‘தான்’ செய்கிற வேலையை அங்கே ‘எ’ இல்லாமை செய்கிறது. பேச்சில் வெறும் ‘ஃப்யூ’ சற்று விறைப்பு. ‘நாட் மெனி’ இயல்பாக இருக்கும்.

பலர் சறுக்குவது ‘க்வைட் எ ஃப்யூ’வில். அது ‘மிகச் சில’ அல்ல, ‘கணிசமான’. ‘ஒன்லி எ ஃப்யூ’தான் குறைவைக் காட்டும். தண்ணீர், நேரம் போல ஒன்று இரண்டு என எண்ண முடியாதவற்றுக்கு ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’, விதி அதேதான்.

கேள்வி: ‘வெரி’க்குப் (very) பதில் ‘டூ’ (too) போடலாமா?

பதில்: கூடாது. ‘வெரி ஹாட்’ என்றால் நல்ல சூடு, ஊதிக் குடித்துவிடலாம். ‘டூ ஹாட்’ என்றால் வாயில் வைக்க முடியாத சூடு. ‘டூ’ வந்தால் அளவு மீறிவிட்டது, ஏதோ ஒரு காரியம் கெடுகிறது என்று பொருள். ‘ஐ ஆம் டூ ஹேப்பி’ என்று கடிதத்தில் எழுதாதீர்கள். ‘ஒன்லி டூ ஹேப்பி’ மட்டும் விதிவிலக்கு, அது ‘மிக்க மகிழ்ச்சியுடன்’.