மெம்ஃபிஸ் ஏன் தோற்றது?

அன்புள்ள சார்,

நான் கன்சாஸில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் கல்லூரி கூடைப்பந்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கன்சாஸும் மெம்ஃபிஸும் மோதிய 2008 இறுதி ஆட்டத்தை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். நானும் யூடியூபில் முழுசாகப் பார்த்தேன். இரண்டு நிமிடம்தான் மிச்சம், மெம்ஃபிஸ் 9 பாயிண்ட் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அணி எப்படித் தோற்கும்? 'அந்தப் பசங்களுக்கு நெஞ்சில் தைரியம் இல்லை' என்கிறார் என்னுடன் வேலை பார்ப்பவர். கோச் ஃபவுல் செய்யச் சொல்லியிருந்தால் கப் கையில் என்கிறார் இன்னொருவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் ஜெயித்த ஊர்க்காரர். எதிராளி பயந்துபோய்த் தோற்றான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம் இருக்கும். ஆனால் 38 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்று இறுதிக்கு வந்த அணியைத் தைரியம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 ஏப்ரல் 7, சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கம். மெம்ஃபிஸுக்கு ஜான் காலிபாரி கோச், கன்சாஸுக்கு பில் செல்ஃப். 2 நிமிடம் 12 விநாடி இருக்கும்போது மெம்ஃபிஸ் 60, கன்சாஸ் 51. முடியும்போது 63-63. கூடுதல் நேரமான ஓவர்டைமில் கன்சாஸ் 75-68 என்று ஜெயித்தது.

மெம்ஃபிஸிடம் ஒரு நோய் இருந்தது, அது ஊருக்கே தெரியும். ஃப்ரீ த்ரோ. எதிராளி ஃபவுல் செய்தால் கிடைக்கிற ஷாட், விழுந்தால் ஒரு பாயிண்ட். யாரும் மறிக்க மாட்டார்கள், 15 அடி தூரம், நின்று நிதானமாகப் போடலாம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் நூற்றுக்கு 69 போல விழும். பல பத்தாண்டுகளாக அந்தக் கணக்கு பெரிதாக மாறவே இல்லை. மெம்ஃபிஸ் அந்த சீசனில் போட்டது 60-ஐ ஒட்டித்தான். பாதி ஆட்டத்திலேயே எதிரணியை நசுக்கிவிடுகிற அணிக்கு இதனால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அதனால்தான் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கோச் உட்பட.

ஆட்டம் நெருக்கமாக முடியும்போதுதான் சிக்கல். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். ஷார்ட் பால் ஆடத் தெரியாத பேட்ஸ்மேனுக்கு எல்லாப் பந்தையும் ஷார்ட்டாகவே போடுவதுபோல, நீங்கள் எதில் சொத்தையோ அதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் உரிமை எதிராளிக்கு வந்துவிடுகிறது. அப்போதைய விதிப்படி ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்': முதல் ஷாட் விழுந்தால்தான் இரண்டாவது உண்டு. பத்தில் ஆறு போடுகிறவருக்கு இதில் சராசரியாகக் கிடைப்பது 0.96 பாயிண்ட். பத்தில் ஒன்பது போடுகிறவருக்கு 1.71. அதைவிட மோசம், ஆறு போடுகிறவர் பத்தில் நான்கு தடவை ஒரு பாயிண்டும் எடுக்காமல் பந்தையும் பெரும்பாலும் எதிராளியிடம் கொடுத்துவிட்டு வருவார். பத்தாவது ஃபவுலுக்குப் பிறகு இரண்டு ஷாட் நிச்சயம்.

அந்த இரண்டு நிமிடத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கன்சாஸின் டாரெல் ஆர்தர் ஒரு ஷாட் போடுகிறார். மெம்ஃபிஸ் பந்தை உள்ளே எறிகிறது, ஷெரான் காலின்ஸ் அதைப் பிடுங்குகிறார், சற்று நேரத்தில் அவர் கையிலிருந்தே ஒரு த்ரீ, அதாவது தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட். 9 பாயிண்ட் நான்காகிவிட்டது, அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை ஃப்ரீ த்ரோவுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு கவனக்குறைவான பாஸ், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் மெம்ஃபிஸுக்கு ஐந்து ஃப்ரீ த்ரோ. நான்கு தவறின. அதில் மூன்று கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் தவறவிட்டவை, ஒன்று டெரிக் ரோஸ்.

இங்கேதான் என் கணக்கே கொஞ்சம் இடிக்கிறது. அந்த இருவரும் அணியில் மோசமான ஃப்ரீ த்ரோக்காரர்கள் கிடையாது. பத்துக்கு ஏழு போடக்கூடியவர்கள். உண்மையிலேயே மோசமான ஜோயி டோர்சி அதற்கு முன்பே ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தார். பத்துக்கு ஏழு போடுகிறவர் மூன்றையும் தொடர்ந்து தவறவிடுவது நூற்றில் மூன்று தடவைகூட நடக்காது. அப்படியானால் பதற்றம்தானே என்பீர்கள். கொஞ்சம் இருந்திருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் இதே அணி முந்தைய இரண்டு ஆட்டத்தில், டெக்சாஸுக்கும் யுசிஎல்ஏ-வுக்கும் எதிராக, 59 ஃப்ரீ த்ரோவில் 50 போட்டிருக்கிறது. இரண்டிலும் வசதியாக ஜெயித்தார்கள் என்பதும் நிஜம். இன்னொன்றும் உண்டு: கால். ரோஸும் டக்ளஸ்-ராபர்ட்ஸும் ஏறக்குறைய முழு நேரமும் களத்தில் நின்றார்கள். ஃப்ரீ த்ரோவுக்கு பலம் கையிலிருந்து வருவதாகத்தான் டிவியில் தெரியும், வருவது முழங்காலிலிருந்து. கால் ஓய்ந்தால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும்.

டக்ளஸ்-ராபர்ட்ஸ் அன்றைக்கு எடுத்தது 22 பாயிண்ட். அவர் இல்லையென்றால் கோட்டை விடுவதற்கு முன்னிலையே இருந்திருக்காது. இதை உங்கள் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொரு பாயிண்டையும் சொல்லுங்கள். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ரோஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே போனது. முதலில் மூன்று பாயிண்ட் என்றார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு, கால் மூன்று பாயிண்ட் கோட்டில் பட்டிருக்கிறது, இரண்டுதான் என்று திருத்தினார்கள். சரியான தீர்ப்பு. பாதம் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் கடைசியில் 64-60. ஆட்டத்தை 63-63 ஆக்கிய, கன்சாஸின் மாரியோ சால்மர்ஸ் போட்ட அந்தப் பேர்போன த்ரீ விழுந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இந்த ஒரு பாயிண்டுக்காக யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

அதிர்ஷ்டத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நார்தர்ன் ஐயோவா கல்லூரி அணிதான் ஞாபகம் வரும். 2016 மார்ச்சில் கடைசி விநாடியில் பாதி மைதானத்திலிருந்து ஒருவர் எறிந்த பந்து விழுந்து டெக்சாஸை ஜெயித்தார்கள். இரண்டே நாள் கழித்து டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 44 விநாடி மிச்சமிருக்க 12 பாயிண்ட் முன்னிலையை இழந்து, இரண்டு ஓவர்டைம் ஆடித் தோற்றார்கள். பந்தை உள்ளே எறியவே முடியவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பறிகொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீரர்கள், ஞாயிற்றுக்கிழமை கோழைகளா? நெருக்கமான ஆட்டங்களில் ஓர் அணி இந்த வருஷம் ஜெயித்ததை வைத்து அடுத்த வருஷத்தைச் சொல்ல முடிவதில்லை என்பது புள்ளிவிவரக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருவது.

அப்புறம் அந்த ஃபவுல் விஷயம். 10.8 விநாடி இருக்கிறது, 63-60. கன்சாஸ் த்ரீ போட்டால்தான் சமன். அதற்கு முன்பே ஃபவுல் செய்தால் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோதான். காலிபாரியின் திட்டமும் அதுதான், ஆட்டத்துக்குப் பிறகு அவரே சொன்னார். காலின்ஸ் பந்தோடு தடுமாறி வரும்போது ரோஸ் பக்கத்திலேயே இருக்கிறார். லேசாக உரசினால் நடுவர் விசில் ஊதமாட்டார். பிடித்து நிறுத்த வேண்டும். காலின்ஸ் பந்தை சால்மர்ஸிடம் தள்ளிவிட, அவர் எம்பிவிட்டார். எம்பிய பிறகு தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பந்து விழும்போது 2.1 விநாடி பாக்கி.

சரி, ஃபவுல் செய்திருந்தால்? கன்சாஸ் அன்றைக்கு 15 ஃப்ரீ த்ரோவில் 14 போட்ட அணி. இரண்டையும் போட்டிருப்பார்கள். 63-62, ஐந்தாறு விநாடி மிச்சம். மெம்ஃபிஸ் பந்தை உள்ளே எறிந்ததும் கன்சாஸ் உடனே ஃபவுல் செய்திருக்கும். மறுபடியும் டக்ளஸ்-ராபர்ட்ஸோ ரோஸோதான் கோட்டில் போய் நிற்க வேண்டும். 'ஃபவுல் செய்திருந்தால் கப் கையில்' என்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை. அப்படியும் நான் அந்த இடத்தில் ஃபவுல்தான் செய்யச் சொல்வேன்; ஆறு விநாடி வரைக்கும் காத்திருந்து, நடு மைதானத்தைத் தாண்டியதும், எதிராளி இன்னும் வளையத்தைப் பார்த்துத் திரும்பாதபோது.

அன்புடன்.