மெனிஸ்கஸ் அறுவைக்குப் பிறகு முழங்கால்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: முழங்காலில் கிழிந்த மெனிஸ்கஸை, அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் சவ்வை, வெட்டி எடுத்து மூன்று மாதம் ஆகிறது. நடந்தால் குருத்தெலும்பு தேய்ந்துவிடுமோ என்று பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறேன். சரிதானா?

பதில்: சரியில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது; மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. எடை ஏறும்போது பஞ்சு மாதிரி அமுங்கும், எடை விலகியதும் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அதைப் பட்டினி போடுகிறீர்கள். அதற்காக நாளைக்கே ஓடக் கிளம்பாதீர்கள். மெனிஸ்கஸ் குறைந்த இடத்தில் அதே எடை சின்னப் பரப்பில் இறங்குகிறது. பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுவது உண்மைதான். நடை, லேசாக மிதிக்கும் சைக்கிள், அப்புறம் முன்தொடைத் தசைக்கான பயிற்சி என்று படிப்படியாகப் போங்கள். வலியை மட்டும் பார்க்காதீர்கள், வீக்கத்தைப் பாருங்கள். மறுநாள் காலையில் இரண்டு முழங்காலையும் ஒப்பிட்டு, அறுவை செய்த பக்கம் உப்பியிருந்தால் நேற்று செய்தது அதிகம். குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்து ஐந்தாவது வாரம். வெட்டி எடுத்துக்கொண்ட நண்பர் இரண்டாவது வாரமே ஊன்றுகோலை விட்டுவிட்டார். நான் பின்தங்கிவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை, இரண்டும் வேறு வேறு அறுவை. தைத்த கிழிசல் ஒட்ட வேண்டும். மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், உள்ளே போகப் போக இருக்காது. அதனால்தான் இந்த நிதானம். காலை எப்போது முழுதாக ஊன்றலாம் என்பதில் உங்கள் சர்ஜன் சொல்வதே கணக்கு. ஆழமாகக் குந்துவதைச் சில மாதம் மறந்துவிடுங்கள். அப்போது நசுங்குவது மெனிஸ்கஸின் பின்பகுதி.

கேள்வி: படியேறும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது.

பதில்: வலியோ வீக்கமோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கத்தியே படாத என் முழங்காலும் சத்தம் போடுகிறது. மடக்கிய கால் மாட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது மேல். 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை மிச்சம்.

கேள்வி: அறுவை முடிந்து பத்து நாள். முழங்கால் பரவாயில்லை, ஆனால் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலிக்கிறது. நீவி விடலாமா?

பதில்: நீவாதீர்கள். ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.