பனியை அளப்பது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்க்டிக் தீபகற்பத்துக்குக் கப்பலில் சென்றுவந்தது பற்றித் தாங்கள் எழுதிய மூன்று கட்டுரைகளையும் வாசித்தேன். பனிமலைகளைக் காண ஆவலாக இருந்த எனக்குப் பென்குயின்களின் எச்சமும் நாற்றமும் இரைச்சலுமே மிகுதியாகக் கிடைத்தன. படங்களிலோ எல்லாப் பனியும் ஒன்றுபோலவே இருக்கிறது. அவ்வளவு தொலைவு சென்று பார்க்க அங்கே நிலக்காட்சி என்று என்னதான் இருக்கிறது?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

படங்களைப் பற்றிய குறையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது என் கேமராவின் குறை மட்டுமல்ல. ஒரு காட்சியைப் பார்க்கும்போது மரம், வீடு, சாலை ஆகியவற்றைக் கொண்டு நம் கண் தன்னையறியாமல் அளவெடுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே அவை எதுவும் இல்லை. காற்றும் வறண்டு, தூசியின்றித் தெளிந்திருப்பதால் தொலைவிலுள்ள மலைகூட மங்கித் தெரிவதில்லை. ஏறத்தாழ 11 கி.மீ. நீளமுள்ள லெமேர் நீரிணைக்குள் கப்பல் நுழைந்தபோது இருபுறமும் நின்ற பாறைச் சுவர்கள் எவ்வளவு உயரம் என்று மேல்தளத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம், எல்லாமே தவறு.

நீகோ துறையில்தான் இது எனக்கு உறைத்தது. எதிரே இருந்த பனியாற்றின் முகப்பு கூப்பிடு தூரத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு பாளம் ஓசையே இல்லாமல் சரிந்து நீரில் விழுந்தது. நான்கு வினாடி கழித்துத்தான் இடி போன்ற முழக்கம் வந்தது. உறைநிலையில் ஒலி வினாடிக்கு 331 மீட்டர் செல்லும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை நினைவுகூர்ந்து பெருக்கிப் பார்த்தால், ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல். கண் ஏமாந்த இடத்தில் காது அளந்து சொன்னது. அத்தகைய சரிவுகள் எழுப்பும் அலை கரையேறும் என்பதால், அங்கே இறங்கியதும் வழிகாட்டிகள் எங்களை நீர்விளிம்பில் நிற்கவிடாமல் மேட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பென்குயின்களைப் பற்றி ஏன் அவ்வளவு எழுதினேன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம் திணை மரபு நிலத்தை முதற்பொருளாகவும் அதில் வாழும் பறவையையும் விலங்கையும் கருப்பொருளாகவும் சேர்த்தே சொல்லும்; அங்கே அந்தச் சேர்க்கையைக் கண்கூடாகக் காணலாம். கண்டத்தின் 98 விழுக்காட்டைப் பனி மூடியிருக்கிறது. அந்தப் பரப்பில் உண்ண ஏதுமில்லை. கண்ணுக்குப் படும் பறவைகளும் விலங்குகளும் கடலைச் சார்ந்து அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அந்தக் கடலின் நடுநாயகம், இறாலைப் போன்ற, விரல் நீளமேயுள்ள கிரில் என்ற சிற்றுயிர். பென்குயின் எச்சம் செம்மை படர்ந்து கிடப்பது கிரிலின் நிறமியால்தான். நண்டுண்ணி என்று பெயர் வாங்கிய சீல் நண்டைத் தின்பதில்லை. சல்லடை போன்ற பற்களால் கிரிலையே வடித்து உண்கிறது. (பெயர் வைத்தவர்கள் அருகில் சென்று பார்க்கவில்லை போலும்.) நாங்கள் ரப்பர் படகில் இருந்தபோது எழும்பிய கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கும் அதுவே இரை. இளங்கிரில்கள் குளிர்காலத்தைக் கழிப்பது கடற்பனியின் அடிப்புறத்தில் வளரும் பாசியைத் தின்று. ஆகவே அந்த நாற்றத்தை விட்டுவிட்டுப் பனியை மட்டும் வருணித்திருந்தால் பாதிக் காட்சியை மறைத்தவனாவேன். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடற்பனி குறைந்துவர, அதை நம்பி வாழும் அடேலி பென்குயின்கள் அருகி, திறந்த நீரை விரும்பும் ஜென்டூ பென்குயின்கள் தெற்கே பரவிவருகின்றன. பனியில் நேரும் மாற்றத்தை அங்கு பலகாலம் பணியாற்றுபவர்கள் கூடுகளை எண்ணியும் அறிகிறார்கள்.

எல்லாப் பனியும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். புதுப்பனி காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் வெளுத்திருக்கும். நெடுங்காலம் அழுந்திக் குமிழி ஒடுங்கிய பனி சிவப்பொளியை உறிஞ்சி நீலமாகத் தெரியும். டிசெப்ஷன் தீவிலோ நிலம் கறுப்பு. அது கடல் புகுந்த எரிமலை வாய்; கரையில் ஆவி எழும். 1931 வரை அங்கே திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சிய கொப்பரைகள் துருப்பிடித்து நிற்கின்றன. நீகோ என்பதே ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர்தான். அந்தத் துறையின் நீரில் இன்று திமிங்கிலங்கள் அச்சமின்றி உறங்குவதைப் பார்த்தேன்.

கரையில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும். நெருக்கத்தில் எடுத்த படங்கள் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் கட்டுரையின் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பனிச்சரிவின் கீழ் ஓரத்தில் மை தெறித்ததுபோல் சில புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறுகின்றன. லென்ஸில் படிந்த அழுக்கு என்று எண்ணி அழிக்கவிருந்தேன். அவை ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் உயரமுள்ள ஜென்டூ பென்குயின்.